தேவாலய மண்டபத்தில் யூத வட்ட நடன மாலை: கேட்டவருக்கு என் பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: இங்கிலாந்தில் நீங்கள் செல்லும் தேவாலயத்தில், ஊரார் அனைவரும் வரக்கூடிய ஒரு மாலை நிகழ்ச்சியாக யூத வட்ட நடனத்தை நடத்தத் தீர்மானித்து, ஏற்பாட்டுக் குழுவில் உங்களையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த நடனம் யூதர்களின் வழிபாடா, அதைக் கிறிஸ்தவர்கள் ஆடுவது முறையா, அழைக்கப்படும் யூதக் குடும்பங்களின் மனம் நோகாதிருக்க எவற்றைக் கவனிக்க வேண்டும், ஆடியே பழகாதவர்களைக் கொண்டு மாலை முழுவதையும் எப்படி நடத்துவது என்று கேட்கிறீர்கள். இந்நாட்டின் வட்ட நடனக் குழுக்களில் நெடுங்காலம் ஆடியும், பின்னர் சொல்லிக்கொடுத்தும் வருபவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரடியான விடை. நீங்கள் ஆடப்போகும் நடனங்களில் ஏறத்தாழ எதுவும் வழிபாட்டுச் சடங்கு அன்று, யாரும் ஆடலாம். ஆனால் இரண்டு தவறான எண்ணங்கள் தேவாலயங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எருசலேம் ஆலயத்தில் தாவீதின் காலத்தில் ஆடியவை அப்படியே நமக்கு வந்திருக்கின்றன என்பது ஒன்று. பழைய ஏற்பாடு நமக்கும் வேதம் என்பதால் இந்த நடனமும் நமக்கு உரியதுதான் என்பது மற்றொன்று. இவை வேறொரு மக்கள் அண்மைக் காலத்தில், பெரும் துயரங்களுக்கு நடுவே, தங்களுக்காகச் செய்துகொண்ட நடனங்கள். அதை அறிந்து, விருந்தாளியாக வட்டத்துக்குள் நுழைகிறவர் நன்றாக ஆடுவார் என்பது என் அனுபவம்.

நடனம் யூத நூல்களில் மிகப் பழைய காலத்திலிருந்தே பேசப்படுகிறது என்பதில் ஐயமில்லை. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் தம்புரை எடுத்துக்கொள்ள, மற்றப் பெண்களும் தம்புருகளோடும் நடனத்தோடும் அவள் பின்னே சென்றதை யாத்திராகமம் சொல்கிறது. அங்கே வரும் எபிரேயச் சொல்லோடு ஒரே வேரிலிருந்து பிறந்த, நடனம் என்று பொருள்படும் ‘மாஹோல்’ என்ற சொல்லைச் சங்கீதங்களின் இறுதிப் பகுதியிலும் காணலாம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், ‘தானித்’ என்ற பகுதியின் முடிவில் இருக்கிறது. யூத நாட்காட்டியில் ஆவ் மாதத்துப் பதினைந்தாம் நாளிலும், பாவநிவாரண நாளான யோம் கிப்பூரிலும், எருசலேமின் இளம்பெண்கள் வெள்ளை உடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களுக்குச் சென்று ஆடுவார்களாம். அந்த வெள்ளை உடை எவருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது; ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியிடம் இரவல் வாங்கியே உடுத்த வேண்டும், இல்லாதவள் வெட்கப்படாதிருப்பதற்காக. அதே பகுதிக்கு, மிஷ்னாவை விரித்துரைக்கும் நூலான தல்மூத் தரும் விளக்கத்தின் முடிவில், வருங்காலத்தில் இறைவன் நீதிமான்களுக்காக ஒரு ‘மாஹோலை’, அதாவது ஆடுவோர் வட்டத்தை, அமைத்து, ஏதேனில் அவர்கள் நடுவே அமர்ந்திருப்பார் என்றும், அவர்கள் ஒவ்வொருவரும் விரலால் அவரைச் சுட்டி ‘இவரே நம் தேவன்’ என்பார்கள் என்றும் ஓர் ஆசிரியரின் வாக்கு இடம்பெறுகிறது. வட்டத்தில் நிற்கும் எவரும் நடுவிலிருந்து ஒரே தொலைவில் இருப்பதால், முதலிடம் கடையிடம் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை; அந்த வாக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும்.

இவ்வளவு இருந்தும், அந்தப் பெண்கள் எந்த அடி வைத்து ஆடினார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. நீங்கள் ஆடப்போகும் நடனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அமைத்தவரின் பெயரும், பலவற்றுக்கு ஆண்டும் தெரியும். இவற்றில் அடிப்படையான ‘ஹோரா’ ஆட்டத்தின் பெயரே ருமேனியா, மால்டோவா பக்கத்துக் கிராமங்களின் வட்ட ஆட்டத்துக்கு உரியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்த யூத இளைஞர்கள் அதைத் தங்களோடு கொண்டுபோனார்கள். பகலெல்லாம் சதுப்பு நிலத்தில் உழைத்துவிட்டு இரவில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சோர்ந்து விழும்வரை ஆடியதாக அக்காலத்து நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. பெசராபியாவில் பிறந்த பாரூக் அகதாத்தி என்ற நடனக் கலைஞர் 1924-இல் அந்த ஹோராவை மேடைக்கென ஒழுங்குபடுத்தினார். குடியேற்றங்கள்தோறும் ஆடிக் காட்டப்பட்ட அந்த நடனம் மேடையிலிருந்து இறங்கி மக்கள் நடனமாகவே ஆகி, இன்றும் ‘ஹோரா அகதாத்தி’ என்றே அழைக்கப்படுகிறது. நாட்டார் கலை மேடை ஏறுவதைத்தான் நாம் வழக்கமாகக் காண்கிறோம். இங்கே மேடையிலிருந்து நாட்டார் கலை பிறந்தது.

ஹோராவின் எளிய அடி ஆறு எண்ணிக்கை கொண்டது. இடக்காலை இடப்புறம் வைத்து, வலக்காலை அதன் பின்னால் கொண்டுசென்று, மறுபடி இடக்காலை வைத்துத் துள்ளி வலக்காலை வீசுவது. பிறகு வலக்காலை ஊன்றி, இடக்காலை வீசுவது. பாட்டோ நான்கும் எட்டுமாக நடக்கும். ஆகவே அடியின் தொடக்கம் பாட்டின் தொடக்கத்தோடு பொருந்தாமல் நழுவிக்கொண்டே போய், சில சுற்றுகளுக்குப் பின்தான் மறுபடி சந்திக்கும். புதியவர்கள் தாங்கள் தவறு செய்வதாக எண்ணித் தயங்கும் இடம் இது. தவறில்லை, ஹோராவின் அமைப்பே அதுதான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

‘மாயீம் மாயீம்’ என்ற நடனத்தை அன்று கட்டாயம் ஆடுவீர்கள். ‘மாயீம்’ என்றால் தண்ணீர். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த எல்சே துப்லோன் என்ற நடனக் கலைஞர் 1937-இல் நாஆன் என்ற கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், தண்ணீர் கிடைத்ததைக் கொண்டாடிய விழாவுக்காக அதை அமைத்தார். இசை இம்மானுவேல் அமிரானுடையது. பாட்டின் சொற்கள் ஏசாயா 12-ஆம் அதிகாரத்தின் மூன்றாம் வசனம்: இரட்சிப்பின் ஊற்றுகளிலிருந்து மகிழ்ச்சியோடு தண்ணீர் மொள்வீர்கள் என்பது. ஆலயம் இருந்த காலத்தில் கூடாரப் பண்டிகையின்போது தண்ணீர் மொண்டு வந்த விழாவோடு யூத மரபு இணைத்துப் பேசுவதும் இதே வசனத்தைத்தான். அந்த மகிழ்ச்சியைக் காணாதவன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே கண்டதில்லை என்று மிஷ்னா சொல்கிறது. ஆக, பழைய வசனம், புதிய கிணறு, நவீன நடனம் பயின்ற ஒரு பெண்ணின் அடிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தது இந்த நடனம். முதல் பகுதியில் வலக்கால் முன்னும் பின்னும் மாறி மாறிக் குறுக்கிட, வட்டம் இடப்புறமாக அலைபோல் நகர்கிறது. அடுத்து அனைவரும் கைகளை உயர்த்திக்கொண்டு நடுவை நோக்கி நான்கு அடி ஓடி, கைகளைத் தாழ்த்திப் பின்வாங்குகிறார்கள். நடுவில் நீர் பொங்குவதை உடம்பால் காட்டுகிற அந்த இடத்தைப் பொருள் தெரிந்து ஆடும்போது, முகங்கள் மாறுவதைக் காண்பீர்கள்.

இந்த நடனங்களைத் திரட்டி ஓர் இயக்கமாக்கியவர் குரித் கட்மன். லைப்சிக் நகரில் 1897-இல் பிறந்தவர். 1944-இல் தாலியா என்ற கிப்புட்ஸில் முதல் நாட்டு நடன விழாவைக் கூட்டினார். சுமார் 200 பேர் ஆட, ஏறத்தாழ 3,500 பேர் பார்த்தார்கள். ஐரோப்பாவில் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. இந்த நேரத்தில் நடனமா என்ற எதிர்ப்பு அவர்களுக்குள்ளேயே எழுந்தது. அதை எண்ணிப் பார்த்த பின்னரும் விழாவை நடத்துவது என்றே முடிவு செய்தார்கள். உங்கள் நிகழ்ச்சியில் வரலாறு என்று ஒன்றே ஒன்றைச் சொல்ல நேரமிருந்தால் இதைச் சொல்லும்படி கேட்டுக்கொள்வேன். குதூகலமான இசையைக் கேட்டு, இது வெறும் கல்யாண வீட்டு ஆட்டம் என்று எண்ணிவிடுவது எளிது. இந்த ஆட்டத்தை ஆடியவர்கள் பலருக்கு ஊரில் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்பதே அப்போது தெரியாது.

கட்மனைப் போலவே ஜெர்மனியிலிருந்து வந்தவர் ஐன் ஹரோத் கிப்புட்ஸின் ரிவ்கா ஸ்டுர்மன். பிள்ளைகள் ஜெர்மானியப் பாட்டுக்கு ஆடுவதைப் பார்த்துப் பொறுக்காமல் புதிய நடனங்களை அமைக்கத் தொடங்கியவர். ரமத் யோஹனான் கிப்புட்ஸில் லேயா பெர்க்ஸ்டைன் அறுவடை விழாவுக்கென்றே நடனங்கள் செய்தார். ஏமனிலிருந்து வந்த யூதர்களின் அசைவுகளை மேடைக்குக் கொண்டுவந்தவர் சாரா லெவி-தனாய். அவர் 1949-இல் ‘இன்பால்’ நடனக் குழுவைத் தொடங்கினார். இன்று ‘ஏமனிய அடி’ என்று எல்லா வகுப்புகளிலும் சொல்லித்தரப்படும், முழங்காலை மெல்ல மடக்கிப் பக்கவாட்டில் ஊசலாடிக் குறுக்கே வைக்கும் அடி அந்த மக்களின் கொடை. இந்த வரலாற்றில் பெண்களின் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதை அறிமுக உரை தருபவர்கள் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ‘தெப்கா’ என்று பெயரிட்ட நடனங்கள் பட்டியலில் இருந்தால், அவற்றின் காலடித் தட்டல்களும் வரிசை ஆட்டமும் அப்பகுதி அரபு மக்களிடமிருந்தும் துரூஸ் என்ற சமயச் சிறுபான்மை மக்களிடமிருந்தும் பெற்றவை. தெப்காவுக்கு மூலமான தப்கே, பாலஸ்தீனர்களுக்கு அவர்களுடைய கல்யாணங்களின், கிராமங்களின் உயிரான ஆட்டம். 2023-இல் யுனெஸ்கோ அதைப் பாலஸ்தீனத்தின் மரபாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த மண்ணைப் பற்றி ஊரார் மனங்கள் கொதித்திருக்கும் இக்காலத்தில், மண்டபத்தில் பாலஸ்தீனருக்காக அழுகிறவர்களும் இருப்பார்கள், இஸ்ரேலில் உறவினர் உள்ளவர்களும் இருப்பார்கள். தெப்காவைத் தவிர்ப்பது ஒரு வழி. ஆடுவதானால், யாரிடமிருந்து வந்தது என்று பெயர் சொல்லி ஆடுவது அதைவிட நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன்.

‘யூத நடனம்’ என்றால் இஸ்ரேலிய நடனம் மட்டும் அன்று. கிழக்கு ஐரோப்பாவில் யித்திஷ் மொழி பேசிய யூதர்களின் கல்யாணங்களில் கிளெஸ்மர் என்ற அவர்களுடைய மரபு இசைக்கு ஆடிய ‘ஃப்ரைலக்ஸ்’ என்ற வட்ட ஆட்டம் முற்றிலும் வேறு இயல்புடையது. இஸ்ரேலிய நடனத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் இன்ன அடி என்று வகுத்திருக்கும். ஃப்ரைலக்ஸில் எளிய நடையே அடி, முன்னால் செல்கிறவர் வரிசையைச் சுருளாகச் சுற்றியும் வளைத்தும் இழுத்துக்கொண்டு போவார், தோளும் கையும் முகமுமே பேசும். புதியவர்கள் நிறைந்த மாலைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது. நேரில் வாசிக்கும் கிளாரினெட்டும் வயலினும் கிடைத்தால், செலவைப் பாராமல் அழையுங்கள். எல்லாருக்கும் தெரிந்த ‘ஹவா நகீலா’ பாட்டின் மெட்டும் அந்த உலகத்திலிருந்தே வந்தது: கிழக்கு ஐரோப்பாவில் புக்கோவினாவின் சதகுரா ஊரைச் சேர்ந்த ஹசீதியர்கள், அதாவது ஒரு பக்தி இயக்கத்து யூதர்கள், சொல்லில்லாமல் பாடிய ராகம் அது, அதை இசை ஆய்வாளர் ஏப்ரஹாம் ஸ்வி இடெல்சோன் 1915-இல் எருசலேமில் குறித்துக்கொண்டார், சொற்கள் பின்னர் சேர்ந்தன.

உங்கள் ஊரில் நடனத்தைச் சொல்லித்தர வருபவர் யூதராக இல்லாமல் ‘வட்ட நடன’ இயக்கத்தைச் சேர்ந்தவராக இருக்கவும் கூடும். ஜெர்மானிய பாலே ஆசிரியர் பெர்ன்ஹார்ட் வோசியன் 1976-இல் ஸ்காட்லாந்தின் ஃபின்ட்ஹார்ன் ஆன்மிகச் சமூகத்துக்கு ஐரோப்பிய நாட்டார் வட்ட ஆட்டங்களைக் கொண்டுவந்ததிலிருந்து வளர்ந்தது அந்த இயக்கம். பிரிட்டனில் எத்தனையோ தேவாலய மண்டபங்களில் வாரந்தோறும் நடக்கிறது. நானும் அங்கேதான் கற்றேன். வட்டத்தின் நடுவில் மெழுகுவர்த்தியும் பூவும் வைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் சற்று மௌனமாக நிற்பது அந்த இயக்கத்தின் வழக்கமே தவிர யூத வழக்கம் அன்று. வைக்கலாம், ஆனால் யூத மரபு என்று அறிமுகப்படுத்திவிடாதீர்கள்.

இனித் தேவாலயம் என்ற இடத்தைப் பற்றி. கிறிஸ்தவத்துக்கு வட்ட நடனம் அடியோடு அந்நியம் அன்று: ‘யோவானின் நடபடிகள்’ என்ற, திருமறையில் சேராத பழைய நூலில், இயேசு தாம் பிடிபடுவதற்கு முன் சீடர்களைக் கைகோத்து வட்டமாக நிற்கச் செய்து நடுவில் நின்று பாடுகிறார். 787-இல் கூடிய இரண்டாம் நைசியா திருச்சபைச் சங்கம் அந்த நூலைக் கண்டித்து ஒதுக்கியது. உங்களுக்கு இன்று முக்கியமானது வேறு. நூற்றாண்டுகளாகத் தேவாலயங்களிலிருந்து யூதர்கள் கேட்டது வசைச் சொல். கத்தோலிக்கத் திருச்சபை யூதர்களைக் குற்றவாளிகளாகக் காட்டும் போதனையை விட்டொழிப்பதாக வெளிப்படையாக அறிவித்தது 1965-இல்தான். ஆகவே, உங்கள் அழைப்பை ஏற்கத் தயங்கும் யூதக் குடும்பத்தின் தயக்கத்தில் ஒரு நீண்ட நினைவு இருக்கிறது.

பல பழமைவழி யூதர்கள் தங்கள் சமயச் சட்டப்படி தேவாலயத்தின் வழிபாட்டுக் கூடத்துக்குள் நுழைய மாட்டார்கள். எனவே பீடத்தின் முன்னால் உள்ள இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நடனத்தை அடுத்துள்ள மண்டபத்திலேயே வையுங்கள். அதற்கும் சிலர் வர மாட்டார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதையும் சிலர் ஏற்பதில்லை. அவர்கள் வராததைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை ஓய்வுநாள்; கோடையில் இங்கே சனிக்கிழமை இருட்டவே வெகுநேரம் ஆவதால் ஞாயிற்றுக்கிழமை மாலையே நல்லது. பஸ்காவுக்கும் வாரங்களின் பண்டிகையான ஷாவுவோத்துக்கும் இடைப்பட்ட 49 நாள்களின் ஒரு பகுதியிலும், கோடையில் தம்மூஸ் மாதப் பதினேழாம் நாளிலிருந்து ஆவ் ஒன்பதாம் நாள் வரையிலான மூன்று வாரங்களிலும், ஆலயம் அழிந்தது முதலான துயரங்களை நினைத்துப் பலர் இசையையும் நடனத்தையும் தவிர்ப்பார்கள். தேதி குறிக்கும்முன் ஊரிலுள்ள யூதச் சபையைக் கேளுங்கள். அந்த ஒரு தொலைபேசி அழைப்பே நல்லுறவின் தொடக்கமாகவும் அமையும். சிற்றுண்டிக்கு வெட்டாத பழங்களும், யூத உணவு விதிக்கு உட்பட்டதைக் காட்டும் கோஷர் முத்திரையுள்ள, உறை பிரிக்காத பொட்டலங்களும், காகிதக் குவளைகளும் போதும்.

நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. அந்த மாலையில் நற்செய்தி அறிவிப்போ, மனமாற்றத்துக்கான அழைப்போ, ‘இந்தப் பாட்டு உண்மையில் இயேசுவையே குறிக்கிறது’ என்ற விளக்கமோ இடம்பெறக் கூடாது. யூத நடனங்களையும் தொழுகைச் சால்வையையும் ஷோஃபர் என்னும் கொம்பையும் எடுத்துக்கொண்டு தங்கள் ஆராதனையில் பயன்படுத்தும் கிறிஸ்தவக் குழுக்கள் உண்டு. அவர்களின் பக்தி உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் யூதர்களை வரவேற்றுவிட்டு அவர்கள் கண்முன் அதைச் செய்வது, வீட்டுக்கு வந்தவரின் மேலாடையைக் கழற்றி நாம் போட்டுக்கொள்வதற்கு ஒப்பானது. எங்கள் குழு பல ஆண்டுகளுக்கு முன் நடத்திய ஒரு மாலையில், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் இறுதியில் அப்படி ஜெபித்துவிட்டார். அதுவரை சிரித்துக்கொண்டு ஆடிய இரு முதியவர்கள் மேலங்கியை எடுத்துக்கொண்டு பேசாமல் வெளியேறினார்கள். அவர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டோம். இருந்தும் அவர்கள் மறுபடி வரவில்லை.

ஆடத் தெரியாதவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மாலை முழுவதற்கும் எட்டு ஆட்டங்கள் போதும். ஒவ்வொன்றையும் முதலில் பாட்டில்லாமல் நடந்து காட்டி, பிறகு இரண்டு முறை ஆடலாம். இஸ்ரேலிய வழக்கில் இப்படிப்பட்ட மாலைக்கு ‘ஹர்காதா’ என்றும், நடத்துபவருக்கு ‘மர்கித்’, பெண்ணானால் ‘மர்கிதா’ என்றும் பெயர். அவர் நடுவில் நின்று காட்டாமல் வட்டத்திலேயே நின்று காட்டும்படி கேளுங்கள். எதிரில் நிற்பவரைப் பார்த்து ஆடினால் இடமும் வலமும் குழம்பிவிடும். நம் கும்மியில் கைகள் தட்டப்படும், இங்கே பெரும்பாலும் கோக்கப்படும். பக்கத்தவரின் கையை இழுக்காமலும் அழுத்தாமலும் பிடிப்பதே பாதி வித்தை. கூட்டம் நாற்பதைத் தாண்டினால் ஒரே வட்டத்தை நெருக்காமல் ஒன்றனுள் ஒன்றாக இரண்டு வட்டம் போடுங்கள், தெரிந்தவர்கள் உள்வட்டத்தில் நிற்கட்டும். திறந்த வரிசை ஆட்டத்தில் இடையில் சேருகிறவர்கள் வால் முனையில் சேர வேண்டுமே தவிர, நடத்துகிறவருக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. தரை கல்லாக இருந்தால் துள்ளல்களைக் குறைக்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சில நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிடாமல் வட்டத்தின் கோட்டிலேயே வைத்தால், ஆடுகிறவர்கள் கடந்து செல்லும்போது அவர்கள் கைதட்டித் தாளம் கொடுக்க வசதியாக இருக்கும்.

முடிவு ஆட்டமாக ‘ஹினே மா தோவ்’ பாட்டைக் கேட்டு வாங்குங்கள். சொற்கள் 133-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்; ‘இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது’ என்று உங்கள் சபையின் தமிழர்கள் சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்வார்கள். யூதர்கள் ஓய்வுநாள் மேசையில் பாடுவதும் அதையே. ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும்: ‘ஹினே மா தோவ் உமா நாயீம், ஷெவெத் அஹீம் கம் யாஹத்.’ இதைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கையில் தாளைக் கொடுத்தால் கைகோக்க முடியாது.